பேர் விழாத நாள்கள்

தோட்டத்தில் ஒரு நாளைக்கு ஒரு பேர். காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்குப் போய், மலையேறிக் கொழுந்தெடுத்து, தோட்டம் கேட்கிற கிலோவைத் தராசில் காட்டினால் செக்ரோலில் பேர் விழும், அன்றைய சம்பளம் சேரும். கிலோ குறைந்தால் அரைப்பேர். வேலைக்குப் போகாவிட்டால் ஒன்றுமில்லை. பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கில், கெசல்கமு ஓயாவின் இரு பக்கமும் ஏறிப்போகும் தோட்டங்களில், தலைமுறை தலைமுறையாகப் பிழைப்பு இந்தக் கணக்கில்தான் ஓடுகிறது. மறதி நோய் கண்ட முதியவரை லயத்து வீட்டில் வைத்துப் பார்ப்பதைப் பற்றிப் பேச வந்தால், பேச்சை இங்கேதான் தொடங்க வேண்டும். அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மறந்துபோகிற, கதவு திறந்திருந்தால் இறங்கி நடந்துவிடுகிற மாமியாரைத் தனியே விட்டுப்போக முடியாத மருமகளுக்கு அன்று பேர் விழாது.

1350 ரூபாயாக இருந்த நாட்சம்பளத்தை 2026 ஜனவரி முதல் 1550 ஆக்குவதாகவும், வேலைக்கு வரும் ஒவ்வொரு நாளுக்கும் அரசு தன் பங்காக 200 ரூபாய் தருவதாகவும் 2025 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள். வரவேற்க வேண்டிய உயர்வு. ஆனால் அந்த 200 ரூபாய் வருகைக்கு உரியது. வீட்டில் நோயாளி இருப்பதால் மாதத்தில் பாதி நாள் மலைக்குப் போக முடியாதவள் சம்பளத்தையும் இழக்கிறாள், அதையும் இழக்கிறாள். பராமரிப்பவரின் மனச்சுமை என்று மருத்துவர்கள் எழுதுகிறார்கள். அந்தச் சுமை உண்மை. அதற்கு முன்னால் கடைக்காரரின் கடன் கொப்பி நிற்கிறது.

"இன்னைக்கு எந்த மல?"

நகரிலிருந்து மேலேறும் ஒரு தோட்டத்தில் அப்படியொரு குடும்பத்தைச் சந்தித்தேன். தோட்டத்தின் பெயரும் தங்கள் பெயரும் வேண்டாம் என்றார்கள். மாமியாருக்கு எழுபத்தைந்து கடந்துவிட்டது. முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்தெடுத்தவர். குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டதில் ஆரம்பித்ததாம். பிறகு, தேங்காய் வாங்கக் கடைக்குப் போனவர் பக்கத்து டிவிசனில் வழி தெரியாமல் நின்றார். இப்போது மகனைச் சிலவேளை தன் தம்பி என்று நினைக்கிறார். மருமகளின் முகம் தெரிகிறது, பெயர் வருவதில்லை. "ஏ புள்ள" என்று கூப்பிடுகிறார்.

விடியற்காலை நாலரைக்கெல்லாம் எழுந்து உட்கார்ந்துவிடுவார். இடுப்பில் கட்டும் படங்கைத் தேடுவார், கூடையைத் தேடுவார். "இன்னைக்கு எந்த மல?" என்று கேட்பார். ஆரம்பத்தில் மருமகள், "மாமி, நீங்க வேலைய விட்டு எத்தன வருசமாச்சு, பேசாமப் படுங்க" என்று உள்ளதைச் சொல்லியிருக்கிறார். அந்தச் செய்தி ஒவ்வொரு காலையும் கிழவிக்குப் புதிதாக வந்து விழும். யாரு நிப்பாட்டினது, நான் என்ன குத்தம் செஞ்சேன், கணக்கப்பிள்ளையக் கூப்பிடு என்று அழுகையும் கூச்சலுமாக லயமே விழித்துக்கொள்ளும். ஒருநாள் களைத்துப்போன மருமகள், "பேரு போட்டாச்சு மாமி, இந்தாங்க, தேத்தண்ணியக் குடிங்க" என்றிருக்கிறார். கிழவியின் முகம் தெளிந்துவிட்டது. கோப்பையை வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டார்.

பெத்த தாய் மாதிரி இருக்கிறவளுக்குப் பொய் சொல்லலாமா என்று உறவுக்காரர் ஒருவர் கண்டித்தாராம். எனக்கு அதில் பொய் தெரியவில்லை. தன் பாடு இன்றைக்குக் கணக்கில் வருமா என்று அந்த அம்மா கேட்டார். வரும் என்று பதில் கிடைத்தது. நோயைப் பார்க்காதே, நோய்க்குள் இருக்கிற ஆளைப் பார் என்று இங்கிலாந்தின் டொம் கிட்வுட் 1997 இல் ஒரு நூலே எழுதினார். மேல்நாட்டு முதியோர் இல்லங்களில் அதைப் பாடமாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். பொகவந்தலாவையில் கொழுந்தெடுக்கிற ஒரு பெண் அதைத் தானாகவே கண்டுபிடித்துக்கொண்டார். யாராவது முன்பே சொல்லித் தந்திருந்தால் அத்தனை விடியல்களின் அழுகையும் இருவருக்கும் மிச்சமாகியிருக்கும்.

குளியலும் அப்படித்தான். குளிக்க மாட்டேன் என்று கிழவி அடம்பிடிப்பதை நோயின் கோளாறு என்றே வீட்டில் நினைத்திருந்தார்கள். லயத்துக்குப் பொதுவான பீலிக்கரையில், பனி விலகாத காலையில், எலும்பு தெரிகிற உடம்பில் தண்ணீரை ஊற்றினால் யார்தான் சும்மா இருப்பார்கள்? இப்போது வெயில் ஏறிய பிறகு, விறகில் வெந்நீர் வைத்து, சுவரோரம் முக்காலியில் உட்காரவைத்து, முதலில் காலுக்கு ஊற்றுகிறார்கள். அடம் பாதியாகக் குறைந்துவிட்டது. ஆனால் வெயில் ஏறிய பிறகு குளிப்பாட்ட வேண்டுமென்றால் அந்த நேரத்தில் வீட்டில் ஆள் வேண்டும். திரும்பவும் பேர்க்கணக்குக்கே வந்துவிடுகிறோம்.

பராமரிப்பு பற்றி அச்சிட்ட கைநூல்களை எடுத்துப் பாருங்கள். கழிவறைக் கதவுக்கு வேறு நிறம் பூசுங்கள், படுக்கையறையிலிருந்து அங்கே போகும் வழியில் விளக்கெரியட்டும் என்றிருக்கும். நல்ல யோசனைகள். ஆனால் இங்கே பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பராவில் ஐந்தாறு பேர் படுத்திருக்க, கழிவறை வெளியே படிகளுக்குக் கீழே, மழைக்கு வழுக்கும் கானுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. இரவில் இரண்டு தடவை எழுப்பிக் கைப்பிடித்துக் கூட்டிப்போய்வருகிற மருமகள் ஆறு மணிக்குப் பிரட்டுக்களத்துக்கு ஓடவேண்டும். தூக்கம் கெட்ட உடம்போடு சரிவில் நின்று கொழுந்தெடுப்பது என்றால் என்ன என்பதை மலையில் நின்றவர்களிடம் கேளுங்கள்.

இத்தனைக்கும் நடுவே லயத்தில் ஒரு காவல் இருக்கிறது. பக்கத்துக் காம்பராவின் இருமல்கூடக் கேட்கிற சுவர் என்பதால், கிழவி கதவைத் திறந்தால் நாலு வீட்டுக்குக் கேட்கும். "அப்பாயி, எங்க போறீங்க?" என்று யாராவது ஒரு பிள்ளை மறிக்கும். தனித்தனி வீடுகள் வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை; ஏழு பேர்ச் காணியும் சொந்தக் கூரையும் இந்த மக்களுக்கு எப்போதோ வந்திருக்க வேண்டியவை. ஆனால் மறதி நோயாளி ஒருவரைப் புது வீட்டுக்குக் கொண்டுபோகிற குடும்பம் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. அவர் தன் பழைய லயத்தைத் தேடிப் புறப்படுவார். பழைய கட்டில், பழைய சாமி படம், பழைய போர்வை மூன்றும் அவருக்கு முன்னால் அங்கே போய்ச் சேர்ந்திருப்பது நல்லது.

தலையணைக்குக் கீழே மா

இந்த நோய் கிட்டத்து நினைவுகளை முதலில் எடுத்துக்கொள்கிறது. இளவயது நினைவுகள் நெடுநாள் தங்குகின்றன. மலையகத்தில் எழுபத்தைந்தைக் கடந்தவர்களின் இளவயது என்பது எது? 1948 குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கிய பெற்றோருக்குப் பிறந்தவர்கள். 1964 அக்டோபரில் பிரதமர்கள் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஆட்களைப் பங்கிட்டபோது பிள்ளைகளாகவும் குமரிகளாகவும் இருந்தவர்கள். அட்டன் ஸ்டேசனில் ரயில் ஏறிய அக்காவை, தலைமன்னாரில் கப்பலேறிய மாமனை, திரும்ப ஒருதரமும் பார்க்காதவர்கள். 1973, 74 பஞ்சத்தில் மாவும் அரிசியும் கிடைக்காமல் கீரையைப் பிடுங்கித் தின்றவர்கள். அந்தக் காலத்தில் தோட்டங்களில் மரண வீதம் சடசடவென்று ஏறியது. 1977 இலும் 1983 இலும் இனக்கலவரங்களின்போது இரவுகளைத் தேயிலைக்குள் படுத்துக் கழித்தவர்களும் அவர்களில் உண்டு.

நான் பார்த்த அந்த அம்மா ரொட்டியைத் தின்னாமல் ஒளித்துவைக்கிறார். தலையணைக்குக் கீழே கோதுமை மாவைத் துணியில் முடிந்து வைத்திருந்தார். எறும்பு மொய்த்த பிறகுதான் கண்டுபிடித்தார்களாம். திருட்டுப் புத்தி வந்துவிட்டது என்று மகனுக்கு ஆத்திரம். பஞ்ச காலத்தில் இவர் கைக்குழந்தையோடு இருந்தார் என்பதை அந்த மகனே பிறகு சொன்னார். அதைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். இப்போது சின்னப் பேணி ஒன்றில் இரண்டு பிஸ்கட்டைப் போட்டு அம்மாவின் கைக்கெட்டுகிற இடத்தில் வைத்துவிடுகிறார்கள். பேணி காலியாகாமல் இருக்கிறவரை அவர் தேடுவதில்லை.

இன்னொரு தோட்டத்தில் ஒரு முதியவர், அந்தியானால், அக்கா கப்பலேறிவிட்டாளா என்று கேட்டுக்கொண்டே இருப்பதாகச் சொன்னார்கள். அக்கா நீலகிரியில், இப்படிப் போனவர்களுக்காகவே தமிழ்நாடு அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டமொன்றில் வேலை செய்து இறந்துபோனார். பேரப்பிள்ளைகளுக்கு அந்த ஒப்பந்தத்தின் பெயர்கூடத் தெரியாது. தாத்தா எதைக் கேட்கிறார் என்று விளங்காமல் அவர்கள் டிவியின் சத்தத்தைக் கூட்டுகிறார்கள்.

பொகவந்தலாவை சென் மேரிஸ் தேவாலயத்தில் ஜூலியா மார்கரெட் கேமரன் அடக்கமாகியிருக்கிறார். 1879 இல் இறந்த அந்த ஆங்கிலப் புகைப்படக் கலைஞரின் கல்லறையைத் தேடி வெளிநாட்டிலிருந்தும் வருகிறார்கள். இலங்கையில் இருந்த கடைசி வருடங்களில் அவர் தோட்டத் தொழிலாளரையும் படமெடுத்தார். படத்தில் இருப்பவர்கள் யார் என்பது பெரும்பாலும் பதியப்படவில்லை. மலையகத்தின் கதை அப்படித்தான், எழுத்தில் வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே பெரியவர்களின் தலைக்குள் மட்டும் இருந்துவந்திருக்கிறது. அந்தத் தலைகளுக்குள் நோய் புகும்போது குடும்பம் ஒரு காரியம் செய்யலாம். இன்னும் சொல்லத் தெரிகிற காலத்தில் உட்காரவைத்துக் கேட்டு, கொப்பியில் எழுதிவைக்கலாம், போனில் பதிந்துவைக்கலாம். எந்த ஊரிலிருந்து வந்த குடும்பம், யார் போனார்கள், யார் இருந்தார்கள், எதற்கு அழுவார், எந்தப் பாட்டுக்குச் சிரிப்பார். நாளைக்குப் பராமரிக்கப் போகிறவருக்கு மருந்துச் சீட்டைவிட அந்தக் கொப்பி உதவும்.

இன்றைக்கு என்ன தேதி?

ராகமவில் 65 வயதைக் கடந்தவர்களிடம் நடத்தி 2003 இல் வெளியான ஆய்வு, நூறில் ஏறத்தாழ நான்கு பேருக்கு மறதி நோய் இருப்பதைக் கண்டது. இந்தியாவில் 2023 இல் வெளிவந்த பெரிய ஆய்வில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம். பெண்களிடமும், பள்ளிக்கூடம் போகாதவர்களிடமும், நாட்டுப்புறத்தாரிடமும் கூடுதல் என்று அது சொன்னது. மூன்றும் பொருந்துகிற மனிதரைத் தேடிப் போக வேண்டியதில்லை, எந்த லயத்துத் திண்ணையிலும் உட்கார்ந்திருப்பார். லான்செட் ஆணையம் 2024 இல் பட்டியலிட்ட, மாற்றக்கூடிய 14 காரணங்களில் இளமையில் கல்வியின்மை, உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, குடி, தலையில் அடி, கேட்காத காது, வைத்தியம் பார்க்காத கண் எல்லாம் இருக்கின்றன. அந்த 14 ஐயும் சரிசெய்தால் உலகில் 45 சதவீத மறதி நோயைத் தடுக்கலாம் அல்லது தள்ளிப்போடலாம் என்பது அவர்கள் கணக்கு. கண்புரைக்கு ஒரு சத்திர சிகிச்சையும் பிரஷருக்கு ஒழுங்கான மாத்திரையும் மூளையையும் சேர்த்துக் காக்கும் என்பதைத் தோட்டத்து மருத்துவ முகாம்களில் வாய்விட்டுச் சொல்லவேண்டும்.

நோயைக் கண்டறிவதிலேயே தோட்டத்து முதியவர் தோற்கிறார். இன்று என்ன தேதி, என்ன மாதம், நூறிலிருந்து ஏழேழாகக் கழியுங்கள், ஒரு வசனம் எழுதுங்கள் என்று சோதிக்கிறார்கள். கைநாட்டு வைத்தே ஆயுளைக் கழித்தவரிடம், அதுவும் பலவேளை சிங்களத்தில் கேட்டு இன்னொருவர் தமிழாக்க, இந்தக் கேள்விகளை வைத்தால் நல்ல புத்தியோடு இருப்பவரும் தவறுவார். தமிழ் 1987 இல் அரசகரும மொழியானது. கிளினிக் மேசையில் அது இன்னும் முழுதாக வந்து உட்காரவில்லை. 10/66 என்ற பன்னாட்டு ஆய்வுக் குழு இதற்கு ஒரு வழி கண்டது. உலகின் மறதி நோயாளிகளில் 66 சதவீதம் ஏழை நாடுகளில் இருக்க, ஆய்வில் 10 சதவீதம்கூட அங்கே நடப்பதில்லை என்பதைத் தன் பெயராகவே வைத்துக்கொண்ட அந்தக் குழு, சென்னையிலும் வேலூரிலும் வேலை செய்திருக்கிறது. நோயாளியைச் சோதிப்பதோடு, கூட இருப்பவரிடமும் விரிவாகக் கேட்பது அவர்கள் முறை. முன்பு தனியாகச் செய்த எந்த வேலையை இப்போது செய்ய முடியவில்லை? பத்துப் பேருக்கு ரொட்டி சுட்டவர் இப்போது மாவைப் பிசைந்தபடி நிற்கிறாரா? சம்பளத்தை எண்ணி வாங்கியவர் சில்லறையைக் கையில் வைத்துத் தடுமாறுகிறாரா? மருமகள் இதற்கெல்லாம் மூன்று நிமிடத்தில் பதில் சொல்லிவிடுவார்.

வயசானா அப்படித்தான் என்று விடுவதிலும், பேய் பிடித்திருக்கிறது என்று மந்திரிக்கக் கூட்டிப்போவதிலும் மாதங்கள் கழிகின்றன. கோயிலுக்குப் போகட்டும், திருநீறு பூசட்டும், மனதுக்கு ஆறுதல். ஆனால் குழப்பம் இரண்டு மூன்று நாளில் திடீரென்று வந்திருந்தால் அன்றே வைத்தியசாலைக்குத் தூக்க வேண்டும். சிறுநீரில் கிருமி, உடம்பில் உப்புக் குறைவு, விழுந்ததில் மண்டைக்குள் கசியும் இரத்தம் என்று அதற்குக் காரணங்கள் உண்டு. மெல்ல வருகிற மறதியிலும் தைரொயிட் குறைவு, பி12 விட்டமின் குறைவு, மனச்சோர்வு போன்றவை ஒளிந்திருக்கலாம். இவற்றையெல்லாம் சுகப்படுத்த முடியும். பொகவந்தலாவை வைத்தியசாலையில் காட்டி, டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்குத் துண்டு வாங்கிக்கொண்டு போய்ப் பரிசோதித்துப் பார்ப்பது வீண்போகாது. மறதி நோய்தான் என்று உறுதியானால், அதை மாற்றும் மருந்து இன்று இல்லை. சிலருக்குச் சில காலம் நிலைமையைத் தாங்கிப்பிடிக்கும் மாத்திரைகள் உண்டு. மற்றதெல்லாம் வீட்டில் நடக்கிற பராமரிப்பு.

அந்தப் பராமரிப்பைச் செய்கிறவளை யார் பார்ப்பது? உலகெங்கும் இந்த நோயாளிகளுக்குக் கிடைக்கும் பராமரிப்பு நேரத்தில் 70 சதவீதத்தைப் பெண்கள் தருவதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தோட்டத்தில் ஆண்பிள்ளைகள் கொழும்புக் கடைகளில், இளம் பெண்கள் ஆடைத் தொழிற்சாலைகளிலும் வளைகுடாவிலும். மிஞ்சுவது நாற்பது ஐம்பது வயது மருமகள். தூரத்திலிருந்து போன் எடுக்கிற மைத்துனர், "அம்மா ஏன் மெலிஞ்சு போயிருக்காங்க?" என்று கேட்கிறார். நான் சந்தித்த பெண்ணுக்கு அந்தக் கேள்விதான் எல்லாவற்றிலும் வலித்தது. ஒருநாள் கோபத்தில் மாமியாரைக் கையைப் பிடித்துத் தள்ளிவிட்டதாக, தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு முழு இரவு தூங்கி எத்தனை நாள் என்று கேட்டேன். பதில் சொல்லாமல் அழுதார். இப்படியிருப்பவர்களுக்கு 1926 என்ற இலக்கம் இருக்கிறது. தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இலக்கம் அது. நோயாளிக்காக மட்டுமின்றிப் பராமரிக்கிறவர் தனக்காகவும் அழைக்கலாம்.

பிள்ளைக்காம்பராவுக்குப் பக்கத்தில்

லங்கா அல்சைமர் மன்றம் 2001 இல் தொடங்கியது. கொழும்பு மருதானையில் நோயாளிகள் பகலைக் கழிக்கவும், குடும்பத்தார் ஆலோசனை கேட்கவும் அங்கே ஏற்பாடு இருக்கிறது. அருமையான வேலை. பொகவந்தலாவையிலிருந்து பஸ் ஏறி அங்கே போய்ச் சேருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

பக்கத்தில் செய்துகாட்டிய முறை ஒன்று கோவாவில் உண்டு. மருத்துவர் அல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, மறதி நோயாளிகள் இருக்கும் வீடுகளுக்கு ஆறு மாதம் அனுப்பினார்கள். நோய் என்னவென்று விளக்குவது, கத்தினால், அலைந்தால் என்ன செய்வது என்று சொல்லித்தருவது, மற்ற உறவினரையும் பொறுப்பில் சேர்ப்பது, அரசு உதவிக்கு மனு எழுத உதவுவது, இவ்வளவுதான் வேலை. 81 குடும்பங்களை வைத்துச் சோதித்து 2008 இல் வெளியிட்ட முடிவில், பராமரிப்பவர்களின் மன உளைச்சல் தெளிவாகக் குறைந்திருந்தது. பெரிய கட்டடமோ கருவியோ அதற்குத் தேவைப்படவில்லை. தோட்டங்களில் குடும்பநல உத்தியோகத்தர்களும் பிள்ளைக்காம்பரா பொறுப்பாளர்களும் வீட்டுக்கு வீடு அறிமுகமானவர்கள். கோவாவில் கொடுத்த பயிற்சியை இவர்களுக்கும் கொடுக்கலாம்.

பிள்ளைக்காம்பரா எதற்கு வந்தது என்று நினைத்துப் பாருங்கள். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு தாய் மலையேற முடியாது, தாய் வராவிட்டால் கொழுந்து முற்றிப்போகும். ஆகவே தோட்டம் ஓர் அறையும் ஓர் ஆயாவும் கொடுத்தது. அதே கொழுந்துதான் இன்றைக்கு மாமியாரால் நின்றுபோகிறது. வேலைக்கு ஆள் இல்லை என்று கம்பனிகள் ஓயாமல் சொல்கின்றன. பதிவுத் தொழிலாளர் தொகை 1992 இல் இருந்ததில் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. பிள்ளைகள் குறைந்து ஓர் அறை சும்மா கிடக்கிற பிள்ளைக்காம்பராக்கள் இருக்கின்றன. கம்பளி போர்த்திய நாலைந்து பெரியவர்களைக் காலை ஏழிலிருந்து பின்னேரம் ஐந்து வரை அங்கே உட்காரவைத்து, தேத்தண்ணி கொடுத்து, பழைய பாட்டுப் போட்டு, மத்தியானம் வெந்நீரில் உடம்பு துடைத்துவிட ஓர் ஆள் போதும். முதியவருக்கு லயத்துக் காம்பராவின் பூட்டிய கதவைவிட நல்ல பகல். மருமகளுக்கு ஒரு பேர்.

காசு எங்கேயிருந்து என்று கேட்பார்கள். கம்பனிகளுக்குப் பங்கு உண்டு. தோட்ட நலன்புரிக்கென்றே 1992 இல் உண்டாக்கிய பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்துக்கும் உண்டு. முன்பு பிரதேச சபைகள், தோட்டத்துக்குள் செலவழிக்க எங்களுக்கு அதிகாரம் இல்லை என்று 1987 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33 ஆம் பிரிவைக் காட்டிக் கைவிரித்தன. அந்தப் பிரிவு 2018 இல் திருத்தப்பட்டுவிட்டது. நோர்வூட் பிரதேச சபை விரும்பினால், ஒரு தோட்டத்தில், ஓர் அறையில், ஒரு வருடத்துக்கு இதை நடத்திப்பார்க்கப் பிரேரணை கொண்டுவரலாம். எங்கள் வாக்கைக் கேட்டு லயத்துக்கு வந்த உறுப்பினர்கள் அத்தனை பேரும் அந்தத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களைக் கும்பிட்டுவிட்டுத்தான் போனார்கள்.